வானிலை எச்சரிக்கை பெரட்டுக்களத்துக்கு வரவேண்டும்



இந்தப் பகுதியில் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, பிள்ளைகளுக்கான தடுப்பூசி என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த மாதம் வானிலை அறிக்கையைப் பற்றி எழுத நினைக்கிறேன். "டிரெசருக்கும் வானிலைக்கும் என்னாங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு. மின்னல் தாக்கியவரையும், மரக்கிளை விழுந்து தோள்பட்டை உடைந்தவரையும், வெயிலில் சுருண்டு விழுந்தவரையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வருவது எங்கள் டிஸ்பென்சரிக்குத்தானே! அப்படி வருகிறவர்களில் பலர் அன்று அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றிருக்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஊர்ப்பக்கத்தில் கோடை என்றால் சித்திரை, வைகாசி, அக்கினி நட்சத்திரம் என்று கணக்கு உண்டு. நம் ஜொகூரில் அப்படித் தனியாக ஒரு கோடை கிடையாது. வருஷம் முழுதும் வெயில், வருஷம் முழுதும் மழை. ஆனாலும் காடு மேட்டில் வேலை செய்கிறவனுக்கு ஆபத்தான காலங்கள் என்று சில உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பருவக்காற்று மாறும்போது மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலும். அக்டோபர் வாக்கில் மறுபடியும் அதே கதை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றுக் காலத்தில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று. எல் நினோ என்று சொல்லப்படும் வருஷங்களில் வாரக்கணக்கில் வாட்டி எடுக்கும் வெயில். இடி, காற்று, வெயில் ஆகிய இந்த மூன்றும்தான் நமக்குக் கோடை.

இவற்றில் சுமத்ராக் காற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். மலாய்க்காரர்கள் இதை "காரிஸ் பாடாய்" என்பார்கள். இரவில் சுமத்ராத் தீவிலும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் உருவாகி, ஒரே வரிசையாகக் கோத்துக்கொண்டு, தென்மேற்குக் காற்றின் தள்ளுதலால் கிழக்கே நகர்ந்து வரும். மூவார், பத்து பகாட், பொந்தியான் கரையை அது தொடுவது பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் அல்லது காலை வேளையில். முதலில் குளிர்ந்த காற்று ஒரு வீச்சு வீசும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும். பின்னாலேயே கொட்டும் மழை, இடி, மின்னல். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். பத்து மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல் வெயில் அடிக்கும்.

இந்த நேரத்தில் யார் வெளியில் இருக்கிறார்கள்? நகரத்துக்காரன் போர்வைக்குள் இருக்கிறான். பால்மரம் வெட்டுகிறவன் மட்டும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் நிற்கிறான். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் அது நம் தொழிலின் நேரம். அதே நேரம் காற்றின் நேரமாகவும் போய்விட்டது. இருட்டில் தலைக்கு மேல் மேகம் எப்படித் திரண்டிருக்கிறது என்று அவனால் பார்க்க முடியாது. காற்றின் சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் கிளை முறிந்துவிடும். இன்று ஜொகூரில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது உண்மைதான். என்றாலும் சிறுதோட்டங்களிலும் சில பெரிய தோட்டங்களிலும் இன்னும் பால்காடு இருக்கிறது. செம்பனைக் காட்டிலும் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆள் இறங்கியாகிறது.

இனி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருட்டில் நிற்கும் அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நம் குளுவாங்கிலேயே இருக்கிறது. வானிலை ஆய்வு இலாகாவின் ராடார் நிலையத்தைத்தான் சொல்கிறேன். ராடார் என்பது வானொலி அலையை வானத்தில் வீசி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி வருவதைப் பிடிக்கும் கருவி. திரும்பி வரும் அலை எவ்வளவு வலுவோ அவ்வளவு கனமான மழை. திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வைத்துத் தூரம் தெரியும். சுமத்ராக் காற்று நீரிணையைக் கடக்கும்போதே ராடார் படத்தில் வளைந்த வில்லைப் போல ஒரு கோடாகத் தெரிந்துவிடும். இதற்கும் மேலே ஜப்பான்காரர்களின் ஹிமாவாரி துணைக்கோள் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு முதல் ஹிமாவாரி-8, 2022 டிசம்பர் முதல் ஹிமாவாரி-9, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நம் பகுதி மேகங்களைப் படம் பிடித்து அனுப்புகின்றன. இந்தப் படங்களையும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகிய அளவுகளையும் பெரிய கம்ப்யூட்டர்களில் கொடுத்து அடுத்த சில நாட்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் செயற்கை அறிவைக் கொண்டும் கணிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியிலிருந்து அந்த முறையை அன்றாட வேலையிலேயே சேர்த்துவிட்டது.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரேடியோ ஆறில் (இன்றைய மின்னல் எப்.எம். அதுதான், பெயரைப் பாருங்கள்!) வானிலை அறிக்கை வாசிப்பார்கள். "மாலையில் ஆங்காங்கே இடியுடன் மழை பெய்யலாம்." திங்களும் அதுதான், வெள்ளியும் அதுதான். "ஆங்காங்கேன்னா நம்ம தோட்டமா, பக்கத்துத் தோட்டமா?" என்று தாத்தாமார் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வானிலை அறிக்கை என்றாலே விளையாட்டுப் பேச்சு என்று நினைக்கிறோம். அறிக்கை மாறிவிட்டது, நாம்தான் மாறவில்லை.

இன்று இலாகா கொடுக்கும் எச்சரிக்கை வேறு மாதிரி. "அமாரான் ரிபுட் பெத்திர்", அதாவது இடிமழை எச்சரிக்கை, எப்போது வரும் தெரியுமா? மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டக்கூடிய இடிமழை நெருங்கிவிட்டது என்றோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்றோ தெரிந்தால்தான் வரும். ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. எந்த மாவட்டம், எத்தனை மணி வரை என்று போட்டிருக்கும். இலாகாவின் மைச்சுவாச்சா செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் பார்க்கலாம். காசு கிடையாது.

வெயிலுக்கும் இப்படி மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை தொடர்ந்து மூன்று நாள் இருந்தால் முதல் படி. 37-க்கு மேல் 40 வரை மூன்று நாள் இருந்தால் இரண்டாம் படி, அதாவது வெப்ப அலை. 40-ஐத் தாண்டி மூன்று நாள் போனால் மூன்றாம் படி. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பம் 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி. அது பெரிய எல் நினோ வருஷம். ஜொகூரில் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், சிகாமட்டின் பெயர் முதல் படிப் பட்டியலில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

எல் நினோ விஷயத்தில் நடந்த முன்னேற்றம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் மேல்தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகிவிட்டால் நம் பக்கத்தில் மழை குறையும், வெயில் ஏறும். 1982-ல் அப்படி ஒன்று வளர்ந்து வந்தபோது உலகத்து விஞ்ஞானிகளே அதை உரிய நேரத்தில் கண்டுகொள்ளவில்லை. அந்த அடிக்குப் பிறகுதான் சமுத்திரத்தின் குறுக்கே சுமார் 70 மிதவைகளைக் கட்டி மிதக்கவிட்டுத் தண்ணீர்ச் சூட்டை அளக்கத் தொடங்கினார்கள். 1994-ல் அந்த வேலை முடிந்தது. இப்போது எல் நினோ வருகிறதென்றால் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். 2015-லும் 2023-லும் அப்படித்தான் முன்கூட்டியே சொன்னார்கள். பல மாதம் என்றால் ஒரு தோட்டம் தண்ணீர்த் தொட்டி வாங்கலாம், நிழல் கொட்டகை போடலாம், வேலை நேரத்தை மாற்றிப் பேசி முடிக்கலாம். எத்தனை தோட்டங்கள் செய்தன?

கணிப்பால் முடியாததையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பொங்கி எழும் தனி இடிமேகம் எந்தக் காட்டின் மேல் எழும்பும் என்று காலையிலேயே சொல்ல இன்றைக்கும் எவராலும் ஆகாது. குளுவாங் மாவட்டத்துக்கு எச்சரிக்கை என்றால் 12-ஆம் நம்பர் காட்டில் விழுமா, 20-ஆம் நம்பர் காட்டில் விழுமா என்பது தெரியாது. எச்சரிக்கை வந்து ஒரு துளி விழாமல் போகிற நாளும் உண்டு. வரிசையாக வரும் சுமத்ராக் காற்றைச் சில மணி நேரம் முன்னால் பிடிக்கலாம். தனி மேகத்துக்கு அரை மணி, ஒரு மணி கிடைத்தாலே பெரிது. ஆனால் அந்த அரை மணி போதும் தோழர்களே. கம்பைக் கீழே போட்டுவிட்டு ஸ்டோர் வரை நடக்க அரை மணி போதும்.

குறை எங்கே இருக்கிறது? காலையில் பெரட்டுக்களத்தில் நின்று கவனியுங்கள். பெயர் கூப்பிடுகிறார்கள். எந்த நம்பர் காடு, யாருக்கு எந்த நிரை, உரம் எத்தனை மூட்டை, நேற்று உதிரிப்பழம் பொறுக்காமல் விட்டது யார் என்று எல்லாம் பேசுகிறார்கள். இன்றைக்கு எச்சரிக்கை உண்டா என்று ஒரு வார்த்தை வருகிறதா? மண்டோரும் வானத்தைப் பார்க்கத்தான் செய்கிறார். எதற்காக? மரம் நனைந்திருந்தால் பால் கெட்டுப்போகும், மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் பால் வீணாகும் என்பதற்காக. பாலுக்காக வானத்தைப் பார்க்கிற பழக்கம் நூறு வருஷமாக இருக்கிறது. ஆளுக்காகப் பார்க்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

மண்டோரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. எடையைக் கணக்கிட்டுக் கூலி வாங்குகிற நாமே நிறுத்த மாட்டோம். "இன்னும் பத்து மரந்தான் ஐயா, முடிச்சிட்டு ஓடிடுவேன்" என்கிறோம். இடி உறுமும்போது குலை வெட்டுகிறவர் கையில் என்ன இருக்கிறது? அரிவாள் பூட்டிய நீண்ட அலுமினியக் கம்பு. காட்டுக்கு நடுவில் நின்று மின்னலுக்கு வழி காட்டுவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்! ஆனால் நிறுத்தினால் அன்றைய டன் குறையும், டன் குறைந்தால் காசு குறையும், வீட்டில் அரிசி குறையும். இந்தக் கணக்கு தெரியாமல் "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று உபதேசம் செய்வது வெட்டி வேலை. ஆகவேதான் இதை ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியாகத் தீர்மானிக்க விடக்கூடாது, தோட்டத்தின் ஒழுங்காகவே வைக்க வேண்டும் என்கிறேன்.

என்ன ஒழுங்கு? பெரிய காரியம் ஒன்றுமில்லை. காலை ஐந்து மணிக்கு ஒருவர், கிராணியோ மண்டோரோ, இலாகாவின் எச்சரிக்கையையும் ராடார் படத்தையும் பார்க்க வேண்டும். நீரிணையில் கோடு தெரிந்தால் அது கடந்து போகும் வரை ஆளைக் காட்டில் இறக்கக்கூடாது. பகலில் எச்சரிக்கை வந்தால் ஆட்களை ஸ்டோருக்குக் கிட்டே உள்ள காட்டுக்கு மாற்றலாம். அலுமினியக் கம்பு வேலையைத் தள்ளிவைக்கலாம். இடிச்சத்தம் கேட்டுவிட்டால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே நிறுத்திவிட வேண்டும். மின்னல் தெரிந்து சத்தம் கேட்க எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் சத்தம் கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலைமேல் விழக்கூடும். கடைசி இடி கேட்ட பிறகு முப்பது நிமிஷம் கழித்துத்தான் காட்டுக்குத் திரும்ப வேண்டும். இப்படி நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது.

"இப்படி எச்சரிக்கைக்கெல்லாம் நிறுத்தினால் மாதத்தில் பாதி நாள் வேலை நடக்காது" என்று ஆபீசில் சொல்வார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை இல்லாமல் இல்லை. தீபகற்பத்தில் சில இடங்களில் வருஷத்தில் 200 நாள் அளவுக்கு இடிச்சத்தம் கேட்கும். ஆனால் நாம் கேட்பது நாளை நிறுத்துவதல்ல, மணியை நிறுத்துவது. சுமத்ராக் காற்று இரண்டு மணி நேரத்தில் போய்விடுகிறது. மத்தியான இடியும் பெரும்பாலும் அப்படித்தான். எப்படியும் கொட்டும் மழையில் பாதி வேலைதான் நடக்கிறது. அந்தப் பாதி வேலைக்காக ஓர் ஆளை மரத்தடியில் நிறுத்திவைப்பது எந்தக் கணக்கில் லாபம்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதில் 26A என்று ஒரு புதிய பிரிவு. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்தோ அந்த வேலையிலிருந்தோ விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது. மின்னல், சூறைக்காற்று என்று பெயர் சொல்லி அதில் எழுதவில்லை. ஆனால் இலாகாவின் எச்சரிக்கை கையில் இருக்கும்போது, தலைக்கு மேல் இடி உறுமும்போது, நியாயமான காரணம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? முன்பு "பயமா இருந்துச்சு ஐயா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. இன்று மணியும் மாவட்டமும் போட்ட அரசாங்க எச்சரிக்கையைக் காட்ட முடியும். கணிப்பு முன்னேறியதில் தொழிலாளிக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன். நிறுத்திய நேரத்துக்குக் கூலி எவ்வளவு என்று அந்தப் பிரிவு கணக்குச் சொல்லவில்லை. அதைத் தொழிற்சங்கம்தான் பேசி வாங்க வேண்டும்.

வெயில் விஷயத்தில் எனக்கு இலாகாவின் படிகள் மேலேயே ஒரு குறை உண்டு. அந்த 35, 37 எல்லாம் நிழலில் வைத்த கருவி காட்டும் காற்றின் சூடு. நம் உடம்பு சூட்டை வெளியேற்றுவது வியர்வை உலர்வதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது, வழிந்து ஓடிவிடும், உடம்பு குளிராது. செம்பனைக் காட்டுக்குள் காற்றோட்டம் கிடையாது, ஈரம் அதிகம். அங்கே 33 டிகிரியில் குலை சுமக்கிறவன் படும் பாடு, வறண்ட ஊரில் 38-ல் நிற்கிறவன் படும் பாட்டுக்குக் குறைந்ததில்லை. அதனால் முதல் படி அறிவிப்பு வரவில்லையே என்று சும்மா இருந்துவிடக்கூடாது. தொழில் பாதுகாப்பு இலாகா (ஜேகேகேபி) வேலையிடத்தில் வெப்பத்தைச் சமாளிப்பது பற்றி 2016-லேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஈரம், வெயில், காற்று, வேலையின் கடுமை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அதில் கணக்குப் போடச் சொல்கிறார்கள். அந்தப் புத்தகம் உங்கள் தோட்டத்து ஆபீசில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த ஓர் இளைஞர், மூன்றாவது நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு லோரியில் குலை ஏற்றிக்கொண்டிருந்தவர் உளற ஆரம்பித்தார், நடை தள்ளாடியது. கூட இருந்தவர்கள், "நேத்து ராத்திரி போட்டது இன்னும் எறங்கல" என்று சொல்லி மரத்தடியில் படுக்க வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து என்னிடம் கொண்டுவந்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. 41 டிகிரி. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கடையிலிருந்து ஐஸ் வாங்கி அக்குளிலும் கழுத்திலும் வைத்து, விசிறிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். ஆனால் சிறுநீரகம் பாதித்து வாரக்கணக்கில் கிடந்தார். அவர் முதல் நாள் இரவு ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை.

வெயில் அடித்து மூளை தடுமாறுவதைக் குடிபோதை என்று நினைப்பது நம் தோட்டங்களில் சகஜம். அது ஆளைக் கொன்றுவிடும். வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென உளறினால், சண்டைக்கு வந்தால், தள்ளாடினால், முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். "வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும்" என்று பழைய புத்தகங்களில் எழுதியிருக்கும். உழைக்கிறவனுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. வியர்த்துக் கொட்டும்போதே வெப்பத் தாக்கு வரலாம். முதலில் குளிரவையுங்கள், லோரி வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். சட்டையைக் கழற்றித் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். 999-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் வெளிவேலையில் வெயிலால் இறந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே இறந்திருந்தார்கள். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வேண்டும். புதிதாக வருகிற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகளையும், நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து திரும்புகிற நம்மவர்களையும் முதல் நாளே முழு வேலைக்கு விரட்டக்கூடாது. தாகம் எடுத்த பிறகு குடிப்பது போதாது. கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். தேத்தண்ணியை மட்டும் நம்பக்கூடாது.

வெயில் கணிப்பை வைத்து உயிர்களைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. குஜராத்தின் அகமதாபாத் நகரத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் அதிகமாக இறந்தார்கள். 2013-ல் அந்த நகராட்சி ஒரு வெப்பத் திட்டம் போட்டது. சில நாட்களுக்கு முன்பே கணிப்பு வாங்கி, நிறம் போட்டு அறிவித்து, தண்ணீர்ப் பந்தல் திறந்து, ஆஸ்பத்திரிகளைத் தயார்ப்படுத்தினார்கள். அதனால் ஆண்டுக்குச் சராசரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாவுகள் தடுக்கப்பட்டன என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். வெயில் குறைந்துவிடவில்லை. சேதி கிடைத்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மின்னல் தாக்கியவருக்கான முதலுதவியையும் சொல்லிவிடுகிறேன், இதில் நம்மிடம் தவறான நம்பிக்கை நிறைய. மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நிற்கிறார்கள். அடிக்காது. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். பலர் ஒன்றாக விழுந்து கிடந்தால் முனகுகிறவர்களை விட்டுவிட்டு, மூச்சும் அசைவும் இல்லாமல் கிடக்கிறவரிடம் முதலில் ஓடுங்கள். மற்ற விபத்துகளுக்கு இது நேர்மாறு. மின்னலில் இதயமும் மூச்சும் நின்றுபோனவரைப் பல சமயம் மீட்க முடியும். முனகுகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதை வந்து கற்றுக்கொள்ள விரும்பும் மண்டோர்களுக்கும் இளைஞர்களுக்கும் எந்தத் தோட்டத்து டிரெசரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

ஒதுங்கும் இடம் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு பக்கமும் திறந்த தகரக் கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. சுவர் வைத்த கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய லோரியின் முன்பக்கம் பாதுகாப்பு. டிராக்டர் டிரெய்லர் பாதுகாப்பு அல்ல. தனியாக உயர்ந்து நிற்கும் மரத்தடி கூடவே கூடாது. மரத்தில் விழுந்த மின்னல் நிலத்தில் பரவி, கீழே கூட்டமாக நிற்கிறவர்களை ஒரே நேரத்தில் சாய்த்துவிடும். வேறு வழியே இல்லாமல் காட்டில் மாட்டிக்கொண்டால் கம்பையும் உளியையும் எட்டப் போட்டுவிட்டு, ஒருவருக்கொருவர் தள்ளி, பாதங்களைச் சேர்த்துக் குந்திக்கொள்ளுங்கள். அது பாதுகாப்பு என்று சொல்லமுடியாது, ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

மிச்சம் இருப்பது சேதியைக் காட்டுக்குள் கொண்டுபோவது. இலாகாவின் எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. நம் பெரியவர்களில் பலருக்கும், அக்கரையிலிருந்து வந்த தம்பிகளுக்கும் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். உள்காட்டில் கைப்பேசிக்கு லைன் கிடைப்பதில்லை. இதற்குப் புதிய யந்திரம் எதுவும் தேவையில்லை. பழைய தோட்டங்களில் ஆபீஸ் வாசலில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுத் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில்தான் நம் தாத்தா பாட்டி எழுந்து வேலைக்குப் போனார்கள். வேலைக்குக் கூப்பிட்ட அதே மணி வேலையிலிருந்து திரும்பவும் கூப்பிடட்டும். அது எட்டாத தூரத்துக்கு மண்டோரின் விசிலும் லோரி ஹாரனும் இருக்கின்றன. நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்தில் கிளைத் தலைவர்கள் மூன்று கேள்விகளை வைக்கலாம். ஐந்து மணிக்கு எச்சரிக்கையைப் பார்ப்பது யார்? நிறுத்தும் நேரத்துக்குக் கூலி எப்படி? இடிக்கு எத்தனை தட்டு, திரும்பிப் போகலாம் என்பதற்கு எத்தனை தட்டு?